சுருள்வரிக் குழலில் ஸ்லக் தோட்டா: குறி ஒன்றுசேர என்ன செய்ய வேண்டும்

கோத்தகிரியில் எங்கள் தோட்டத்து வீட்டில் என் தந்தை உரிமத்தோடு வைத்திருந்த 12 போர் துப்பாக்கியின் குழல், உட்புறம் வரியே இல்லாமல் வழுவழுப்பாக இருக்கும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் இம்மலையில் வேட்டைக்கு இடமில்லை. அது நல்லதே என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் இங்கிருந்து அமெரிக்காவின் ஓஹையோ போன்ற மாநிலங்களில் குடியேறி, அங்கே உரிமம் பெற்று மான் வேட்டைக்குச் செல்லும் நம்மவர்கள், வீட்டில் பார்த்த பழைய பழக்கத்தை, உட்புறம் குண்டைச் சுழற்றும் சுருள்வரிகள் வெட்டப்பட்ட புதிய குழலுக்கும் பொருத்திவிட்டு, குண்டுகள் சிதறுகின்றன என்று வருந்துவதை என் தம்பியின் வீட்டிலேயே கண்டேன். குறி பிசகினால் மான் காயத்தோடு ஓடி, எங்கோ கிடந்து சாகும் என்பதால் இதைச் சிறிய குறையாகக் கருத இயலாது.

முதலில் தோட்டாவைக் குழலுக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்லக் என்பது பல சிறு ரவைகளுக்குப் பதிலாக வரும் ஒரே கனத்த குண்டு. ஃபாஸ்டர் வகை ஸ்லக், முன்புறம் கனத்தும் பின்புறம் குழிந்தும் இருப்பதால் சுழலாமலே நேராகச் செல்லும். அது வழுவழுப்பான குழலுக்கு உரியது, சுருள்வரிக் குழலில் சுட்டால் வரிகளில் ஈயம் அப்பிக்கொள்ளும். சுருள்வரிக் குழலுக்கு உரியது சேபோ தோட்டா. இதில் குழலைவிடச் சிறிய குண்டு ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் அமர்ந்திருக்கும். வரிகள் உறையைப் பற்றிச் சுழற்ற, குழல்வாயைத் தாண்டியதும் உறை பிரிந்து விழ, குண்டு மட்டும் சுழன்றபடி செல்லும். தம்பி சுட்ட பின் புல்லில் கிடந்த உறைத் துண்டு ஒன்றை எடுத்துப் பார்த்தபோது, அதன் மேல் சாய்வான கோடுகள் நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்கு ஆழமாகப் பதிந்திருந்தன. வழுவழுப்பான குழலில் இந்தப் பதிவு விழாது; விலை உயர்ந்த தோட்டாவும் வீணாகும்.

ஒரே அளவிலான இரு குழல்கள்கூட ஒரே தோட்டாவை ஒரே மாதிரி ஏற்பதில்லை. ஆகவே மூன்று நான்கு நிறுவனங்களின் தோட்டாக்களை வாங்கி, பின்னால் மண்மேடு உள்ள பயிற்சிக் களத்தில், 50 கெஜத்தில் ஒவ்வொன்றிலும் மும்மூன்று சுட்டு, துளைகள் எதில் நெருங்கி விழுகின்றன என்று பார்க்க வேண்டும். துளைகள் மையத்தில் இல்லையே என்று ஒவ்வொரு குண்டுக்கும் துப்பாக்கியின் மேலுள்ள குறிபார்க்கும் தொலைநோக்கியின் திருகைத் திருப்புவதுதான் நான் அதிகம் கண்ட தவறு. நெருக்கம் தோட்டாவாலும் சுடுபவராலும் வருவது. அது அமைந்த பின்பே மையத்திற்கு நகர்த்தி, 100 கெஜத்திலும் சரிபார்க்க வேண்டும். குழல் சூடேறினால் குண்டு விழும் இடம் மாறக்கூடும் என்பதால், அது ஆறும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

மணல் மூட்டையின் மேல் குழலை வைக்காமல், அதன் கீழுள்ள முன்கட்டையை வைத்து, அதைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்லக்கின் உதைப்பு கடுமையானது. அதை எதிர்பார்த்துத் தோள் முன்கூட்டியே துள்ளுவதை, உண்மைத் தோட்டாக்களுக்கு இடையே நண்பர் ஒருவர் போலித் தோட்டாவைக் கலந்து போட்டால் உடனே கண்டுகொள்ளலாம். குழலைக் கழற்றி மாட்டும் துப்பாக்கியானால், குழலை இறுக்கிப் பிடிக்கும் திருகுமூடி தளர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். தொலைநோக்கி குழலோடு இணைந்திருந்தால் இந்தத் தளர்வின் பாதிப்பு குறையும்.

வேட்டைநாளில் அணியும் தடித்த குளிர்அங்கியை அணிந்தே பயிற்சியையும் செய்யுங்கள், ஏனெனில் அங்கியின் கனத்தால் துப்பாக்கியின் பின்கட்டை தோளில் அமரும் இடமும் கண் வைக்கும் தூரமும் மாறிவிடும்.