மின்னணு த்ராட்டில் கோளாறு: பாகத்தை மாற்றும் முன் அளந்து பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டச் சாலைகளில் ஓடும் காரில் எஞ்சின் விளக்கு எரிந்து, மிதியை எவ்வளவு அழுத்தினாலும் வேகம் எடுக்காமல் போனால், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடி கெட்டுவிட்டது என்று பலர் உடனே முடிவு செய்துவிடுகிறார்கள். என் மைத்துனரும் அப்படித்தான் முழுப் பாகத்தையும் மாற்றினார். கோளாறோ எலி கடித்த ஒரு கம்பியில் இருந்தது. செம்பனைப் பழத்திற்காக எலிகள் பெருகும் ஊரில் இது வியப்பன்று.

இவ்வகைக் கார்களில் மிதிக்கும் த்ராட்டிலுக்கும் இடையே கேபிள் கிடையாது. மிதியிலுள்ள இரண்டு சென்சார்கள் மிதி எவ்வளவு அழுத்தப்பட்டது என்பதை எஞ்சின் கணினிக்குத் தெரிவிக்க, கணினி ஒரு மோட்டாரைக் கொண்டு காற்று செல்லும் தகட்டைத் திறக்கிறது. தகடு எவ்வளவு திறந்தது என்பதை வேறு இரண்டு சென்சார்கள் திருப்பிச் சொல்கின்றன. ஒரு ஜோடியின் அளவுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், பாதுகாப்புக்காகக் கணினி வேகத்தைக் கட்டுப்படுத்திவிடும்.

முதலில், டேஷ்போர்டின் அடியிலுள்ள 16 முனைச் சொக்கெட்டில் ஸ்கேனரைச் செருகி, பிழைக் குறியீட்டை அழிப்பதற்கு முன்பே எழுதிக்கொள்ளுங்கள். பி2135 த்ராட்டில் சென்சார்களின் முரண்பாட்டையும், பி2138 மிதி சென்சார்களின் முரண்பாட்டையும், பி2111 தகடு திறந்த நிலையில் சிக்கியதையும், பி2112 மூடிய நிலையில் சிக்கியதையும் குறிக்கின்றன. குறியீடு எந்த மின்சுற்றில் தேட வேண்டும் என்பதை மட்டுமே சொல்கிறது. எந்தப் பாகத்தை வாங்க வேண்டும் என்று சொல்வதில்லை. பேட்டரியையும் பாருங்கள்: எஞ்சின் நின்றிருக்கையில் சுமார் 12.6 வோல்ட் இருக்க வேண்டும்.

அடுத்து, எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, ஸ்கேனரின் நேரடி அளவுகளைப் பார்த்தபடி மிதியை மிக மெதுவாக அழுத்துங்கள். பல கார்களில் ஒரு மிதி சென்சாரின் வோல்ட் மற்றதன் ஏறத்தாழ இருமடங்காக, தடங்கலின்றி உயரும். நடுவில் ஓரிடத்தில் அளவு துள்ளினால், அந்தச் சென்சாரோ அதன் கம்பியோ பழுது. கனெக்டரின் பின்புறத்தில் மல்டிமீட்டரை வைத்து, 5 வோல்ட் வருகிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்று அளந்துவிட்டு, கம்பிக்கட்டை மெல்ல அசைத்துப் பாருங்கள். அசைக்கும்போது அளவு மாறினால் பழுது இருக்கும் இடம் அதுவே. பச்சை பூத்த முனைகளும் நம் ஈரக் காற்றில் சாதாரணம்.

கம்பிகள் நன்றாக இருந்தால் மட்டுமே த்ராட்டில் பாடியைத் திறக்கவும். சாவியை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிய பிறகே தகட்டருகே விரலைக் கொண்டுபோங்கள். இல்லையெனில் மோட்டார் விரலை நசுக்கக்கூடும். த்ராட்டில் பாடிக்கென்றே விற்கும் கிளீனரைத் துணியில் நனைத்துக் கரியைத் துடைக்கவும். உட்புறத்தில் மெல்லிய பூச்சு இருக்கக்கூடுமென்பதால் சுரண்ட வேண்டாம்.

எல்லாவற்றையும் பூட்டிய பிறகு, கார் கையேட்டில் சொல்லப்பட்ட முறையில் த்ராட்டிலின் ஓய்வு நிலையைக் கணினிக்குப் புதிதாகக் கற்றுக்கொடுங்கள்; அதைச் செய்யாவிட்டால் கார் நிற்கும்போதும் எஞ்சின் அதிகமாக உறுமக்கூடும். பின்னர் குறியீட்டை அழித்து, வண்டி குறைவான சாலையில் ஓட்டிப் பாருங்கள். அதே குறியீடு மீண்டும் வந்து, அளவுகளும் அதே பாகத்தையே காட்டினால், அப்போது புதியதை வாங்கலாம்.