யாரும் தொடாத ஃபைபர் ஏன் உடைகிறது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொருத்திய அன்று நன்றாக வேலை செய்த ஆப்டிகல் ஃபைபர் (ஒளியைக் கொண்டுபோகும் கண்ணாடி இழை), மாதங்கள் கழித்து, பெட்டியைத் திறக்காமலேயே உடைந்து கிடக்கும். லேசர், சென்சார் வேலையில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. உடனே சப்ளையர் தலையில்தான் பழி விழும். பல சமயம் கோளாறு, அந்த இழையைக் கையாண்ட விதத்தில் இருக்கும்.

முதலில், டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) உள்ள வலிமையை இழையின் நிரந்தரக் குணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கீறலே இல்லாத புது சிலிக்கா (ஃபைபரின் கண்ணாடி) இழை அறைச் சூழலில் சுமார் 5 கிகாபாஸ்கல் தகைவு (குறுக்குப் பரப்பின் மேல் விழும் இழுப்பின் அளவு) தாங்கும். அதையே திரவ நைட்ரஜனில் முக்கி இழுத்தால் இரண்டு மடங்குக்கு மேல் தாங்குகிறது. கண்ணாடி அதே கண்ணாடிதான். அந்தக் குளிரில் ஈரத்தின் கை ஓங்கவில்லை, அவ்வளவே. இழுபடும் சிலிக்கான்-ஆக்சிஜன் பிணைப்பை நீர் மூலக்கூறு அறுக்கிறது, மேற்பரப்பு நுண்கீறல் மெல்ல மெல்ல வளர்கிறது. சாதாரண கோட்டிங் (கண்ணாடி மேல் பூசும் பாதுகாப்புப் பூச்சு) உள்ள சிலிக்காவில், ஆயுள் ஏறத்தாழ தகைவின் 20-ஆம் அடுக்குக்கு எதிர்விகிதமாகக் குறையும். தகைவை 10 சதவீதம் கூட்டினால் ஆயுள் ஏழில் ஒரு பங்கு. 20 சதவீதம் கூட்டினால் முப்பத்தெட்டில் ஒரு பங்கு!

இந்தக் கணக்கு அதிகம் கடிப்பது வளைவில்தான். டெலிகாம் பழக்கத்தில், 30 மி.மீ. ஆரத்தில் சுருட்டினால் போதும் என்று கை தானாகவே சுருட்டிவிடும். அந்த 30 எங்கிருந்து வந்தது? 125 மைக்ரான் இழையை 6.25 மி.மீ. ஆரத்தில் வளைத்தால் வெளிப்பக்கம் 1 சதவீதம் நீளும். தயாரிப்பாளர்கள் வழக்கமாகச் செய்யும் ப்ரூஃப் டெஸ்ட் (முழு இழையையும் ஒரு குறிப்பிட்ட அளவு இழுத்துப் பார்க்கும் சோதனை) அளவும் கிட்டத்தட்ட அதுதான். பல ஆண்டுகள் நிற்க வேண்டுமென்றால் அதில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது, அதாவது 0.2 சதவீதம். அப்படிப் பார்த்தால் 30 மி.மீ. சரி. ஆனால் லேசரைக் கொண்டுபோகும் ஃபைபரின் கண்ணாடி விட்டம் 400 மைக்ரான் என்றால், அதே 0.2 சதவீதத்துக்கு 100 மி.மீ. ஆரம் வேண்டும். அதை 30 மி.மீ. ட்ரேயில் திணித்தால் அன்றைக்கு உடையாது. அதுதான் சிக்கல்.

அடுத்து கோட்டிங். வெறும் உறை என்று பலர் நினைப்பதால், வெப்பத்தை மட்டும் பார்த்துத் தேர்வு செய்கிறார்கள்: அக்ரிலேட்டுக்குச் சுமார் 85 டிகிரி செல்சியஸ், பாலிஇமைடுக்குச் சுமார் 300. சரி, ஆனால் இரண்டுமே பாலிமர். கீறல் படாமல் காக்கும், ஈரத்தைத் தடுத்து நிறுத்தாது. நீராவி உள்ளே போகத்தான் செய்யும். அதனால் 'சுமையே ஏற்றவில்லையே' என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. வெந்நீர் போன்ற சூழலில் கண்ணாடியின் மேற்பரப்பு கரைந்து சொரசொரப்பாகி, தகைவு இல்லாமலேயே வலிமை இறங்கும். ஈரமான இடத்தில் நீண்ட காலம் இருக்கப்போகிற ஃபைபருக்கு, பாலிமருக்கு அடியில் கார்பன் படலம் உள்ளதைப் பாருங்கள். முதல் நாள் சோதனையில் அது சாதாரண ஃபைபரைவிடக் குறைவாகத்தான் தாங்கும், அதைப் பார்த்து ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் ஈரம் உள்ளே நுழைய முடியாததால் காலப்போக்கில் மிகக் குறைவாகவே தளரும்.

முதுமைச் சோதனையிலும் (இழையை வேகமாகப் பழசாக்கிப் பார்ப்பது) ஒரு வசதியான தவறு உண்டு: ஈரமில்லாத சூடாக்கும் பெட்டியில் வைத்துச் சூடாக்கிப் பார்த்துவிட்டு 'பாஸ்' போடுவது. ஈரம்தான் எதிரி என்றால், ஈரத்தோடு சேர்த்துத்தானே சோதிக்க வேண்டும்? 85 டிகிரி, 85 சதவீத ஈரப்பதம் என்ற சோதனை இருப்பதே அதற்காகத்தான்.

கோட்டிங்கை உரித்த இடம் இன்னொரு பலவீனம். ஸ்ட்ரிப்பர் கத்தி கண்ணாடியில் ஒரு முறை உரசினாலே கீறல் விழும். பிறகு காய்ந்த டிஷ்யூவால் அழுத்தித் துடைத்தால் இன்னும் மோசம். ஆல்கஹாலில் நனைத்துத் துடையுங்கள், ஸ்ப்ளைஸ் (இரண்டு இழைகளை ஒட்டுவது) முடிந்ததும் ரீகோட் செய்யுங்கள் (மறுபடி பூச்சு போடுங்கள்) அல்லது ஸ்லீவ் (பாதுகாப்புக் குழாய்) போடுங்கள். ஃப்ளோரைடு ஃபைபர் (சிலிக்காவுக்குப் பதில் ஃப்ளோரைடு கண்ணாடியில் செய்தது) என்றால் இரட்டிப்புக் கவனம் தேவை, அந்தக் கண்ணாடியை நீர் நேரடியாகவே அரிக்கும்.

கடைசியாக, அரை மீட்டர் துண்டுகள் சிலவற்றை இழுத்துப் பார்த்துவிட்டு ஒரு கிலோமீட்டருக்கு உத்தரவாதம் கொடுக்காதீர்கள். இழை அதன் மிகப் பெரிய கீறலில்தான் உடையும். அது அந்தத் துண்டுகளில் இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை. முழு நீளத்துக்கும் ப்ரூஃப் டெஸ்ட் எந்த அளவில் செய்யப்பட்டது என்று வாங்கும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.