வயல் சென்சர்களின் சிக்னல் குறுக்கீட்டை வேகமாகக் கணக்கிடுவது எப்படி?

இரணைமடுக்குளத்தின் கீழுள்ள வயல்களில் நீர்மட்டம் பார்க்க ஆயிரம் வயர்லெஸ் சென்சர்கள் வைத்தால், ஒன்றின் சிக்னலை மற்றவை எவ்வளவு குழப்பும்? கம்பம் நடுவதற்கு முன்பே இதைக் கணினியில் ஓட்டிப் பார்க்கலாம். நான் முதலில் எழுதிய சிமுலேஷன் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும், அதாவது ஒரு தடவையில் அனுப்பும் தகவல் பொதிக்கும், எல்லாச் சென்சர்களையும் திரும்பத் திரும்பக் கூட்டியது. மாலையில் ஓடவிட்டேன், விடிந்தும் முடியவில்லை. ஆனால் மொத்தக் குறுக்கீடு மாறுவது, யாராவது அனுப்பத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் மட்டும்தான்.

படி 1: அலகை மாற்றுங்கள்

சிக்னலின் வலுவை மடக்கை அளவில் சொல்லும் அலகு டிபிஎம் (dBm). இந்த எண்களை நேரடியாகக் கூட்டவே கூடாது. முதலில் வாட்டுக்கு மாற்ற வேண்டும். −90 டிபிஎம் என்பது சரியாக 1 பிக்கோவாட் (வாட்டின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு), −80 என்றால் 10. கையாலேயே ஒன்று செய்து பார்ப்போம். உங்களுக்கு வேண்டிய சிக்னல் −80, குறுக்கே இரண்டு சென்சர்கள் −90 வீதம், யாரும் அனுப்பாதபோதும் இருக்கும் பின்னணி இரைச்சல் −94, அதாவது ஏறக்குறைய 0.4 பிக்கோவாட். சிக்னலை மற்ற எல்லாவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால்:

10 ÷ (1 + 1 + 0.4) = 4.17

டெசிபலில் 6.2. அந்த இரண்டும் பேசாமல் இருந்தால் 10 ÷ 0.4 = 25, ஏறக்குறைய 14 டெசிபல். வற்றாப்பளைப் பொங்கல் கூட்டத்தில் பக்கத்தில் நிற்பவர் சொல்வது கேட்காமல் போவதும் இதே கணக்குத்தான்.

படி 2: நகராததை ஒரு தடவை மட்டும் கணக்கிடுங்கள்

வயற்கம்பம் நடக்காது. எனவே எந்தச் சென்சரிலிருந்து எந்த வாங்கிக்கு (சிக்னலைப் பெறும் கருவிக்கு) எவ்வளவு வலு போகும் என்பதைத் தொடக்கத்திலேயே அட்டவணையாக்கி வையுங்கள். 1,000 சென்சர்களுக்கு 4,99,500 சோடிகள், அதுவும் ஒரே முறை. தூரத்துக்கு வர்க்கமூலம் எடுக்கத் தேவையில்லை, தூரத்தின் வர்க்கத்தையே மடக்கைக்குள் போட்டு, மடக்கையைப் பெருக்கும் எண்ணைப் பாதியாக்கினால் போதும்.

மிகத் தொலைவில் உள்ளவற்றை விட்டுவிடலாம். நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்தின் அகலத்தை வெட்டுத்தூரமாக வைத்தால், தன் கட்டத்தையும் சுற்றியுள்ள எட்டையும் மட்டும் பார்த்தால் சரி. ஆனால் கவனம்: 0.004 பிக்கோவாட் தனியாக ஒன்றுமில்லை, அப்படி நூறு சேர்ந்தால் இரைச்சலுக்குச் சமம். சிறு துளி பெருவெள்ளம். திறந்த வயல்வெளியில் இது கூடுதலாகவே வரும், ஒட்டுசுட்டான் பக்கம் பாலை மரமும் வீரை மரமும் நிற்கும் காட்டுக்குள் சிக்னல் சீக்கிரம் தேய்ந்துவிடும். விட்டவற்றின் சராசரியை இரைச்சலோடு சேர்த்துவிடுங்கள்.

படி 3: ஓடும் கூட்டுத்தொகை

பைதன் 3 நிரல்மொழியில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். அனுப்பத் தொடங்கும்போது:

மொத்தம்[வாங்கி] += வலு

முடியும்போது:

மொத்தம்[வாங்கி] -= வலு

ஒரு பாக்கெட்டின் குறுக்கீடு வேண்டுமென்றால் மொத்தத்திலிருந்து அதன் சொந்த வலுவைக் கழியுங்கள். ஒரே மொத்தம் எல்லாப் பாக்கெட்டுக்கும் உதவும். பாக்கெட்டின் நடுவே மொத்தம் மாறினால் அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, பாக்கெட்டைத் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியே பாருங்கள். என்எஸ்-3 (ns-3) என்ற வலையமைப்புச் சிமுலேஷன் மென்பொருளின் வைஃபை பகுதியும் இப்படி மாற்றங்களின் பட்டியலைத்தான் வைத்திருக்கிறது.

படி 4: கழித்தலில் வரும் பிழை

பலர் வழுக்குவது இங்கேதான். பக்கத்துக் கம்பத்திலிருந்து −30 டிபிஎம் வந்தால் அது பத்து இலட்சம் பிக்கோவாட். 32 பிட் தசம எண்ணில் (float) அதோடு 0.4 ஐச் சேர்த்து, பிறகு பத்து இலட்சத்தைக் கழித்தால் மிஞ்சுவது 0.375. எனவே 64 பிட் பாவியுங்கள். யாருமே அனுப்பாத நேரம் வரும்போது மொத்தத்தைச் சுழியத்துக்கே திருப்பிவிடுங்கள்.

அப்புறம், 50 சென்சர்களை வைத்து, எல்லாவற்றையும் கூட்டும் பழைய மெதுவான முறையையும் இதையும் அருகருகே ஓட்டுங்கள். விடைகள் ஒத்துப்போன பிறகே ஆயிரத்துக்குப் போங்கள்.