ராக் வகைப்பெயர்ச் சண்டைகள்: நாம் தவறும் இடங்கள்

1989 பிப்ரவரியில் நடந்த கிராமி என்ற அமெரிக்க இசை விருது விழாவில், ஹார்ட் ராக், மெட்டல் இரண்டுக்கும் சேர்த்து முதல்முறையாக ஒரு விருது கொடுத்தார்கள். அன்று மேடையில் வாசித்த மெட்டல் குழுவான மெட்டாலிக்காவுக்குத்தான் அது என்று பலரும் நம்பியிருந்தார்கள். ஆனால் அறிவிக்கப்பட்ட பெயர் பிரிட்டிஷ் ராக் குழுவான ஜெத்ரோ டல். ஜெயிக்கப்போவதில்லை என்று எண்ணி அந்தக் குழு விழாவுக்கே வரவில்லை. அரங்கில் எதிர்ப்புக் கூச்சல் எழுந்தது. அடுத்த ஆண்டே ஹார்ட் ராக்குக்கு ஒன்று, மெட்டலுக்கு ஒன்று என்று விருதைப் பிரித்துவிட்டார்கள்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் இன்றும் கேட்பது, “புல்லாங்குழல் ஊதும் குழு எப்படி மெட்டல் ஆகும்?” என்பதுதான். ஜெத்ரோ டல் மெட்டல் குழு இல்லை, அந்த முடிவு சரி. காரணம்தான் தவறு. மெட்டலின் மூலவர்கள் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பிளாக் சப்பாத், 1971இல் வெளியிட்ட ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ ஆல்பத்தில் அதன் கிட்டார் கலைஞர் டோனி ஐயோமியே புல்லாங்குழல் வாசித்திருக்கிறார். அதே ஐயோமி 1968 கடைசியில் கொஞ்ச காலம் ஜெத்ரோ டல்லில் இருந்தவர். சுவிட்சர்லாந்தின் எலுவெய்ட்டி குழுவில் குழல் இல்லாத ஆல்பத்தைத் தேடிப் பிடிப்பதே கஷ்டம். அதை மெட்டல் இல்லை என்று சொல்வாரும் அரிது. ஒரு வாத்தியத்தை மட்டும் பார்த்து வகையை முடிவுசெய்யக் கூடாது. பாட்டை நடத்திச் செல்வது எது என்று கேளுங்கள். மெட்டலில் டிஸ்டார்ஷன் ஏறிய, அதாவது கரகரப்பாக்கிய, கிட்டார் ரிஃப்தான் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துணுக்கு) தலைமை. டிரம்ஸ், பேஸ், குரல் எல்லாம் அதன் பின்னால் வரும். ஜெத்ரோ டல்லில் கிட்டார் கனமாக ஒலிக்கும் இடங்களிலும் மெட்டும் வரிகளும்தான் முன்னால் நிற்கின்றன.

இதைவிடப் பெரிய தவறு, வகைப்பெயர்கள் எல்லாமே ஒலியைத்தான் குறிக்கின்றன என்று எடுத்துக்கொள்வது. பெரும்பாலான சண்டைகள் இங்கேதான் பிறக்கின்றன. டெத் மெட்டல் என்றால் பெரும்பாலும் ஒலியைச் சொல்கிறோம்: உறுமல் குரல், தாழ்த்திச் சுருதி சேர்த்த கிட்டார், வெறிவேக டிரம்ஸ். ‘பிரிட்டிஷ் ஹெவி மெட்டலின் புதிய அலை’ அப்படியல்ல. 1979இல் லண்டனின் ‘சவுண்ட்ஸ்’ இதழ் பரப்பிய அந்தப் பெயர் ஒரு நாட்டையும் சில ஆண்டுகளையும் சேர்த்துக் கட்டுகிறது. அதற்குள் அயர்ன் மெய்டனும் இருக்கிறது, டெஃப் லெப்பர்டும் இருக்கிறது. இரண்டுக்கும் பொதுவான ஒலி இலக்கணம் தேடினால் ஏமாற்றம்தான்.

கிரஞ்ச் என்ற ராக் வகை, ஒலியைக் குறிப்பதற்கும் ஊரையும் காலத்தையும் குறிப்பதற்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பெயர். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாட்டில் நகரோடு இணைத்துப் பேசப்பட்ட நான்கு பெரிய குழுக்களை எடுத்துக்கொள்வோம். நிர்வானாவின் வேர் எளிமையும் ஆவேசமும் கொண்ட பங்க் ராக்கில் இருக்கிறது. பேர்ல் ஜாம் 70களின் ஸ்டேடியம் ராக்கை நோக்கிச் சாய்கிறது. சவுண்ட்கார்டனில் சப்பாத்தின் கனமும் விநோதத் தாளக் கணக்குகளும் உண்டு. ஆலிஸ் இன் செயின்ஸ் ஏறக்குறைய மெட்டல் குழுவேதான், அதன் மேல் இரட்டைக் குரல் இழைவு. இவற்றை ஒரே பெயரில் சேர்த்தது ஒலியைவிட ஊரும் நட்பு வட்டமும்தான். சரி, சான் டியாகோவிலிருந்து வந்த ஸ்டோன் டெம்பிள் பைலட்ஸ் கிரஞ்சா? ஒலியை வைத்துப் பேசுகிறவர் ஆம் என்பார், ஊரை வைத்துப் பேசுகிறவர் இல்லை என்பார். இரண்டு பேரும் அவரவர் கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொல்கிறார்கள். கேள்வி ஒன்றல்ல என்பதைக் கவனிக்காததால்தான் குரல் உயர்கிறது.

இதில் பத்திரிகைகளை அப்படியே நம்புவதும் ஆபத்து. 1992 நவம்பரில் ‘நியூயார்க் டைம்ஸ்’ கிரஞ்ச் இளைஞர்களின் கொச்சைச் சொற்கள் என்று ஒரு பட்டியலை அச்சிட்டது. இசைப்பதிவு நிறுவனத்தில் வேலை பார்த்த மேகன் ஜாஸ்பர், நிருபர் தொலைபேசியில் கேட்டபோது அந்தச் சொற்களை அங்கேயே கற்பனையாகச் சொன்னார் என்பது பின்னர் வெளிவந்தது. ஒரு வகை எப்படிப்பட்டது என்று வெளியாள் எழுதியது பழைய தாளில் இருப்பதாலேயே சான்று ஆகிவிடாது.

அப்புறம், காலத்தை மறப்பது. எனக்கு அதிகம் வருத்தம் தருவது இதுதான், ஏனென்றால் இதனால் அருமையான குழுக்கள் காதில் விழாமலே போகின்றன. 1994இல் விமர்சகர் சைமன் ரெனால்ட்ஸ் போஸ்ட்-ராக் என்ற பெயரை முன்வைத்தபோது, ராக் வாத்தியங்களை ராக் அல்லாத நோக்கத்துக்குப் பயன்படுத்துகிறவர்களைப் பற்றிப் பேசினார். கிட்டாரிலிருந்து ரிஃப் வருவதைவிட ஒலியின் நிறமும் இழையமும் வருவது அவருக்கு முக்கியமாகப் பட்டது. பார்க் சைக்கோசிஸ், டிஸ்கோ இன்ஃபெர்னோ, ஸீஃபீல் போன்ற பிரிட்டிஷ் குழுக்கள் மனத்தில் இருந்தன. சாம்ப்ளரும் (பதிந்த ஒலித்துண்டுகளை வாசிக்கும் கருவி) ஸ்டுடியோ வேலையும் அவர்களுக்குக் கிட்டார் அளவுக்கே முக்கியம். அடுத்த பத்தாண்டுக்குள் மோக்வாய், காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர், எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் த ஸ்கை ஆகியோர் புகழ்பெற்றார்கள். பாட்டு வரிகள் இல்லாமல், மெல்லத் தொடங்கிப் பேரொலிக்கு ஏறும் நீண்ட இசை என்பதே போஸ்ட்-ராக்கின் பொருளாகிவிட்டது. இன்று புதிதாக வருகிறவர் டிஸ்கோ இன்ஃபெர்னோவைக் கேட்டுவிட்டு “இது போஸ்ட்-ராக்கே இல்லையே” என்று ஒதுக்குகிறார். பழைய ரசிகர் அதே வாக்கியத்தை எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் த ஸ்கை மீது வீசுகிறார். பெயரோடு ஆண்டையும் சேர்த்துச் சொன்னால் பாதி வாதம் அடங்கிவிடும்.

பிளாக் மெட்டலிலும் இதே நிலைதான். 1982இல் ‘பிளாக் மெட்டல்’ என்று ஆல்பத்துக்கே பெயர் வைத்தது இங்கிலாந்தின் வெனம். இன்று அந்தப் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வரும் கீச்சிடும் குரல், இடைவிடாமல் அதிரும் கிட்டார், வேண்டுமென்றே கரடுமுரடாக விட்ட ஒலிப்பதிவு எல்லாம் 1990களின் நார்வேயில் உருப்பெற்றவை. வெனத்தை நார்வேக் குழுவான மேஹெமின் அளவுகோலால் அளந்து வெளியே தள்ளுவது வரலாற்றைத் தலைகீழாக வாசிப்பது.

குழுவினரின் மறுப்பையே தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1985 வாக்கில் வாஷிங்டன் நகரில் ஈமோவுக்கு (உணர்ச்சியைக் கொட்டும் பங்க் வகை) வித்திட்ட ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் குழுவின் பாடகர் கை பிச்சியாட்டோ அந்தப் பெயரை ஏற்கவில்லை. இருபது ஆண்டு கழித்து மை கெமிக்கல் ரொமான்ஸ் குழுவின் பாடகர் ஜெரார்ட் வேயும் ஏற்கவில்லை. மோட்டார்ஹெட்டின் லெம்மி, நாங்கள் வாசிப்பது ராக் அண்ட் ரோல் என்று மேடைக்கு மேடை சொன்னார். தங்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கு அவர்கள் சொல் நல்ல ஆதாரம். மோட்டார்ஹெட்டைக் கேட்டு, அதிவேக த்ராஷ் மெட்டல் குழுக்கள் கற்றுக்கொண்டதை அந்தச் சொல் அழித்துவிடாது.

இந்தக் குழப்பத்தில் சலித்துப்போய், “இசை இசைதான், பிரிவு எதற்கு?” என்று கையை உதறுகிறவர்களும் உண்டு. நான் அதை ஏற்கமாட்டேன். மை பிளடி வேலன்டைன் குழுவின் 1991 ஆல்பத்தில் மனம் பறிகொடுத்தவரை ஸ்லோடைவ், ரைட் என்ற குழுக்களிடம் கொண்டு சேர்ப்பது ஷூகேஸ் (கிட்டார் ஒலிமூட்டத்தில் குரல் மூழ்கும் ராக் வகை) என்ற ஒரு சொல்தான்.

“இது அசல் பிளாக் மெட்டல் இல்லை” என்பது போன்ற வாக்கியங்களைக் கேட்கும்போது, பேசுகிறவர் எதைக் காக்கப் பார்க்கிறார் என்று யோசிக்க வேண்டும். 2013இல் கலிபோர்னியாவின் டெஃப்ஹெவன் ‘சன்பேதர்’ ஆல்பத்தை இளஞ்சிவப்பு அட்டையில் வெளியிட்டபோது எழுந்த சண்டை பாதிக்கு மேல் அட்டை நிறத்தையும் தோற்றத்தையும் பற்றியது. பிளாக் மெட்டலையும் ஷூகேஸையும் கலப்பது அப்போது புதிதும் இல்லை, பிரான்சின் அல்செஸ்ட் அதற்குமுன்பே செய்துவிட்டது. ஆனாலும் கோபப்பட்டவர்களை அறிவிலிகள் என்று ஒதுக்குவது சரியல்ல. இத்தாலிய இசையியலாளர் பிராங்கோ ஃபாப்ரி 1980களின் தொடக்கத்திலேயே சொன்னார்: ஒரு வகையைக் கட்டும் விதிகளில் இசை நுட்பம் ஒரு பகுதிதான், நடத்தை, சமூக வட்டம், கருத்துநிலை, வணிகம் எல்லாவற்றுக்கும் விதிகள் உண்டு. நார்வேக்காரர்களுக்குக் கருத்துநிலையும் தோற்றமும் ஒலிக்குச் சமம். டெஃப்ஹெவனின் ரசிகருக்கு ஒலி போதும்.

கடைசியாக, குழுவுக்கு ஒரே பெயரை ஆயுள் முழுக்க ஒட்டிவைப்பது. டாக் டாக் என்ற பிரிட்டிஷ் குழு 1982இல் சின்தசைசரை வைத்துப் பாப் பாட்டுகள் செய்யும் சின்த்-பாப் குழு. 1988, 1991 ஆல்பங்களில் அது வேறு உலகம், போஸ்ட்-ராக்கின் முன்னோடி என்றே சொல்கிறார்கள். டெஃப்ஹெவனும் 2021 ஆல்பத்தில் அலறலை ஏறக்குறைய முழுவதும் விட்டுவிட்டுப் பாட ஆரம்பித்தது. அந்தக் குழு பிளாக் மெட்டலா என்று யாராவது கேட்டால், எந்த ஆல்பம் என்று முதலில் திருப்பிக் கேளுங்கள்.