உப்பு ஏறும் நீர்ப்பிடிப்புகளுக்கு அரசுப் பணம்: எங்கே தவறுகிறது?

மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமை வட்டாரத்தில் நிலம் உப்பு பூத்துக் கெட்டுப்போனதற்குக் கடல் உள்ளே புகுந்தது காரணமல்ல, காடு போனதுதான் காரணம். பல்லாயிரம் ஆண்டுகளாக மழையோடு சிறிது சிறிதாக வந்து விழுந்த கடலுப்பு, மண்ணுக்கடியில் சும்மா கிடந்தது. ஆழ வேர்விட்ட யூகலிப்டஸ் காடுகள் பெய்த மழையை ஏறக்குறைய முழுதாகக் குடித்துவிட்டதால் நிலத்தடி நீர் கீழேயே இருந்தது. காட்டை வெட்டிக் கோதுமை விதைத்தார்கள். பயிர் குடித்தது போக மிச்சத் தண்ணீர் கீழே இறங்கியது, நீர்மட்டம் உப்பையும் கூட்டிக்கொண்டு மேலே வந்தது. டபிள்யூ. இ. வுட் என்ற ரயில்வே பொறியாளர் 1924-லேயே இதை விளக்கிக் கட்டுரை எழுதிவிட்டார். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் அரசே ஊக்கம் கொடுத்துக் காட்டை வெட்ட வைத்தது என்பதுதான் வேடிக்கை.

மாநில அரசு 1996-இல் உவர்ப்புத் தடுப்புத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. 2000-இல் மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து நாடு முழுவதற்குமாக ஏழு ஆண்டுகளுக்கு 140 கோடி ஆஸ்திரேலிய டாலர் ஒதுக்கின. பணத்துக்குக் குறைவில்லை. செலவழித்த விதத்தில்தான் கோளாறு.

முதல் தவறு, ஆளுக்குக் கொஞ்சம் என்று பங்கு பிரிப்பது. அரசியலில் இது நல்ல வழி, எல்லாத் தொகுதிக்கும் ஏதாவது போய்ச் சேரும். ஆனால் நிலத்தடி நீருக்குத் தொகுதி தெரியாது. ஒரு நீர்ப்பிடிப்பில், அதாவது மழைநீர் ஒரே ஆற்றுக்கோ ஏரிக்கோ வடிந்து சேரும் நிலப்பரப்பில், நீர்மட்டம் இறங்க வேண்டுமானால், அதன் பெரும்பகுதியில் நீண்டகால வேர் உள்ள செடியோ மரமோ நிற்க வேண்டும். நூறு விவசாயிகளுக்கு ஆளுக்குக் கொஞ்சம் மரக்கன்றும் வேலிச் செலவும் கொடுத்தால் வரப்போரம் பச்சையாகும், படம் எடுக்க நன்றாக இருக்கும். அடியில் தண்ணீர் அது பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும். பொருளாதார ஆய்வாளர் டேவிட் பானல் இதைத்தான் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தார்: எதைக் காப்பாற்றப் போகிறோம் என்று முதலில் பெயர் சொல்லித் தேர்ந்தெடுங்கள், அதற்கு எவ்வளவு ஆகும் என்று பாருங்கள், முடியாது என்றால் அங்கே பணத்தைப் போடாதீர்கள்.

அப்படித் தேர்ந்தெடுத்துச் செய்த இடமும் உண்டு. பெர்த்துக்குத் தென்கிழக்கே சுமார் 200 கிலோமீட்டரில் இருக்கும் டூலிபின் ஏரி, 1990-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அந்த வட்டாரத்தில் மற்ற ஏரிகள் எல்லாம் உப்பாகி மரங்கள் மொட்டையாக நிற்க, இங்கே மட்டும் ஏரிப்படுகையிலேயே சவுக்கு இனத்து மரங்கள் உயிரோடு இருந்தன. இதைக் காப்பாற்ற இரண்டு வேலைகள் நடந்தன. ஒன்று, ஏரிக்குப் போகும் வழியில் பிரிவாய்க்காலும் மதகும். மழைக்காலத்தின் முதல் வெள்ளம்தான் வழியில் கிடக்கும் உப்பை எல்லாம் கழுவிக்கொண்டு வரும். அதை உள்ளே விடாமல் ஏரியைச் சுற்றித் திருப்பிவிட்டு, பின்னால் வரும் நல்ல தண்ணீரை மட்டும் உள்ளே விட வேண்டும். மற்றது, ஏரிக்கு அடியில் இருக்கும் உவர்நீரை ஆழ்துளைக் கிணறுகளில் பம்பு வைத்து இறைப்பது. 2017-இல் பெருமழை பெய்து, இருபது ஆண்டுகளாகக் காணாத அளவுக்கு ஏரியில் தண்ணீர் நின்றது.

ஆனால் இறைத்த உவர்நீரும் திருப்பிய வெள்ளமும் எங்கே போகின்றன? கீழே இருக்கும் டார்ப்ளின் ஏரிக்கு. அது முன்பே உப்பாகிக் கெட்டுப்போன ஏரி என்பதால் இங்கே சரி என்று விட்டார்கள். உவர்நீர் எங்கே போகும் என்ற கேள்விக்குத் திட்டத்திலேயே பதில் இல்லாமல், அதை வெளியேற்ற வடிகால் வெட்டப் பணம் கேட்பதும் கொடுப்பதும் இரண்டாவது தவறு. மேலே இருப்பவர் நிலம் காய்ந்தால் கீழே இருப்பவர் நிலம் நனையும். அப்புறம் வழக்குதான்.

இன்னொரு பெரிய தவறு, வேலையை எண்ணிவிட்டு விளைவை எண்ணாமல் விடுவது. எத்தனை கன்று, எத்தனை கிலோமீட்டர் வேலி, எத்தனை கூட்டம் என்று அறிக்கைகள் குவியும். கிணற்றில் நீர்மட்டம் இறங்கியதா, ஆற்றில் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு என்ற வரி இருக்காது. 2008-இல் ஆஸ்திரேலியத் தேசியத் தணிக்கை அலுவலகம் இந்தத் திட்டங்களை ஆராய்ந்தபோது, செலவுக்கு என்ன பலன் கிடைத்தது என்று உருப்படியாகச் சொல்ல முடியவில்லை என்றே எழுதியது. அளந்தாலும் ஒரு எச்சரிக்கை: தென்மேற்கு ஆஸ்திரேலியாவில் 1970-களிலிருந்து மழையே குறைந்துவிட்டது. நீர்மட்டம் இறங்கினால் உடனே நம் மரக்கன்று செய்த வேலை என்று மார்தட்ட முடியாது. வேலை எதுவும் செய்யாத பக்கத்து நீர்ப்பிடிப்பையும் சேர்த்து அளந்தால்தான் தெரியும்.

விவசாயிக்கு விழிப்புணர்வு ஊட்டினால் மரம் நட்டுவிடுவார் என்று நம்புவதும் வீண். அவருக்குத் தெரியும், கட்டுப்படியாகாது, அவ்வளவுதான். அதே மாநிலத்தின் தெற்குக் கரையில் ஓடும் டென்மார்க் என்ற ஆற்றின் நீர்ப்பிடிப்பில் நிலைமை வேறாக இருந்தது. 1978-இலேயே அங்கே காடு வெட்டக் கட்டுப்பாடு வந்தது, அனுமதி கிடைக்காதவர்களுக்கு இழப்பீடு தரவும் வழி செய்தார்கள். நல்ல மழை உள்ள இடம் என்பதால் காகிதக்கூழுக்கான யூகலிப்டஸ் தோட்டங்கள் லாபம் தந்தன, அதனால் அவை வேகமாகப் பரவின. ஆறு மறுபடி நல்ல தண்ணீரை நோக்கித் திரும்பியது. உள்நாட்டின் வறண்ட கோதுமை நிலத்தில் அப்படி விலைபோகும் மரம் கிடையாது. டென்மார்க் ஆற்றைக் காட்டி உள்நாட்டுக்கு மானியம் கேட்டால், அந்த விண்ணப்பத்தை ஓரமாக வைத்துவிடலாம்.

கடைசியாக, கால அளவு. மானியங்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுக்குத்தான் வரும், நிலத்தடி நீர் அசையப் பத்தாண்டுகள் ஆகும். பம்பு என்றால் இன்னும் மோசம். வாங்கும் செலவு ஒருமுறைதான், மின்சாரமும் பழுதும் உப்பு அரித்த குழாயை மாற்றுவதும் வருடா வருடம் வரும். பம்பு நின்றால் உவர்நீர் திரும்ப ஏறிவிடும். ஆகவே பராமரிப்புக்குப் பத்து இருபது ஆண்டுகள் யார் பணம் தருவார் என்று எழுத்தில் வாங்கிய பிறகுதான் பம்புக்கே கையெழுத்துப் போட வேண்டும்.