ஒரு கோடு என்ன சொல்கிறது? செல்சியஸ், ஃபாரன்ஹீட்டை வைத்து நேரிய சமன்பாடு வரைவோம்

அட்டவணை போட்டு, புள்ளி வைத்து, அளவுகோலால் கோடு இழுத்துவிட்டால் கணக்கு முடிந்தது என்றுதான் பல மாணவர்கள் நினைக்கிறார்கள். அந்தக் கோட்டைப் படிக்கவும் தெரிய வேண்டும். அதற்கு, பொருள் தெரிந்த ஒரு சமன்பாட்டையே எடுத்துக்கொள்வோம்.

ஃபா = 1.8 செ + 32

செ என்பது செல்சியஸில் வெப்பநிலை. ஃபா என்பது அதே வெப்பநிலை ஃபாரன்ஹீட்டில். செ-க்கு வர்க்கமோ கனமோ கிடையாது, அடுக்கு 1 மட்டுமே. அதனால் நேர்க்கோடுதான் வரும்.

படி 1: அச்சுகள்
வரைபடத்தாளில் கிடைமட்ட அச்சு செ, செங்குத்து அச்சு ஃபா. குறை எண்களும் தேவைப்படும் என்பதால், ஆதிப்புள்ளிக்கு இடப்பக்கம் 5 சென்டிமீட்டரும் கீழே 3 சென்டிமீட்டரும் இடம் விடுங்கள். அளவுத்திட்டம்: கிடைமட்டத்தில் 1 சென்டிமீட்டர் = 10 டிகிரி, செங்குத்தில் 1 சென்டிமீட்டர் = 20 டிகிரி.

படி 2: புள்ளிகள்
செ = 0 என்றால் ஃபா = 32. இது நீர் உறையும் வெப்பநிலை. செ = 100 என்றால் 180 + 32 = 212. கடல்மட்டத்தில் நீர் கொதிப்பது இங்கே. செ = 50 என்றால் 122. கோடு போட இரண்டு புள்ளிகள் போதும். மூன்றாவது, சரிபார்க்க: மூன்றும் ஒரே கோட்டில் அமையாவிட்டால் பெருக்கலையோ புள்ளி வைத்த இடத்தையோ மறுபடி பாருங்கள். பிறகு மூன்றையும் இணைத்து, கோட்டை இரு பக்கமும் நீட்டுங்கள்.

படி 3: கோட்டைப் படிப்பது
கோடு செங்குத்து அச்சை 32-இல் வெட்டுகிறது. இதுதான் வெட்டுத்துண்டு. 1.8 என்பது சாய்வு: செல்சியஸ் 1 டிகிரி ஏறினால் ஃபாரன்ஹீட் 1.8 டிகிரி ஏறும். நம் புள்ளிகளிலிருந்தே இதை எடுக்கலாம்: (212 − 32) ÷ (100 − 0) = 1.8.

இங்கே கொஞ்சம் நின்று கவனியுங்கள். தாளில் 1 சென்டிமீட்டர் வலப்பக்கம் போனால் கோடு 0.9 சென்டிமீட்டர்தான் ஏறியிருக்கும். அப்படியானால் சாய்வு 0.9 ஆகிவிடுமா? ஆகாது. செங்குத்தில் அந்த 0.9 சென்டிமீட்டரின் மதிப்பு 18 டிகிரி, கிடைமட்டத்தில் 1 சென்டிமீட்டரின் மதிப்பு 10 டிகிரி. 18 ÷ 10 = 1.8. சாய்வை எப்போதும் அச்சில் எழுதிய எண்களிலிருந்துதான் கணக்கிட வேண்டும். கோடு எவ்வளவு செங்குத்தாகத் தெரிகிறது என்பது அளவுத்திட்டத்தோடு மாறிவிடும்.

படி 4: இன்னொரு கோடு
இரண்டு அளவுகளும் ஒரே எண்ணைக் காட்டும் வெப்பநிலை உண்டா? அதே தாளில் ஃபா = செ என்ற கோட்டையும் வரையுங்கள். (0, 0), (100, 100) வழியே போகும். இடப்பக்கம் கீழே இரண்டு கோடுகளும் (−40, −40) என்ற புள்ளியில் வெட்டிக்கொள்ளும். இயற்கணிதமும் அதையே தருகிறது: செ = 1.8 செ + 32, அதாவது −0.8 செ = 32, எனவே செ = −40.