பழைய பங்களாவைக் கொல்லைப்புறத்திலிருந்து பாருங்கள்

வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாவுக்குப் போனால் போர்ட்டிகோவில் நின்று படம் எடுத்துக்கொண்டு, தூண், தேக்கு மாடிப்படி, உயரமான ஜன்னல் எல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அந்த வாசல் சாரட்டில் வந்து இறங்கியவர்களுக்காகக் கட்டியது. வீட்டு வேலை முழுக்கச் செய்தவர்கள் வேறு வழியாக வந்தார்கள், அதனால் நேராகப் பின்பக்கம் போங்கள்.

முதலில் குளியலறை. குன்னூர் பக்கம் விடுதியாக மாற்றிய ஒரு எஸ்டேட் பங்களாவில் தங்கியபோது குளியலறைக்கு இரண்டு கதவுகள் இருந்தன. ஒன்று படுக்கையறைக்கு. இன்னொன்றில் பெயின்ட் மேல் பெயின்ட் அடித்துத் தாழ்ப்பாளே அசையவில்லை. வெளியே சுற்றிப்போய்ப் பார்த்தால் அந்தக் கதவுக்குக் கீழே மூன்று கல்படிகள், நடுவில் குழிந்து தேய்ந்திருந்தன. வீட்டுக்குள் குழாய் வருவதற்கு முந்தைய காலத்தில், அன்று தோட்டி என்று கூப்பிடப்பட்டவர் மலச்சட்டியை எடுத்துப்போக வந்த வழி அது. வெந்நீர் சுமந்து வந்தவருக்கும் அதே வழிதான். தினமும் வர வேண்டும், ஆனால் உள்ளே இருப்பவர்கள் கண்ணில் படக் கூடாது. மாடி வீடு என்றால் வெளிச்சுவரை ஒட்டி இரும்புச் சுழல்படி இருக்கிறதா என்று தேடுங்கள், இருந்தால் அது எந்த அறைக் கதவில் போய் முடிகிறது என்று கட்டாயம் பாருங்கள்.

சமவெளி ஊர்களில் அண்ணாந்தும் பார்க்க வேண்டும். உத்தரத்தில் கொக்கிகள், சுவரின் மேற்பகுதியில் கயிறு நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. பூசி மூடியிருந்தாலும் பூச்சின் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். கூரையில் தொங்கிய பங்கா என்ற பெரிய துணி விசிறியின் கயிறு அதன் வழியாக வராந்தாவுக்குப் போகும், அங்கே ஒருவர் உட்கார்ந்து இழுத்துக்கொண்டே இருப்பார், கோடையில் ராத்திரி முழுக்க. அந்த ஓட்டைக்கு வெளிப்பக்கம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். காற்று உள்ளே இருந்தவருக்கு மட்டும்தான்.

அப்புறம் குசினி. பல இடங்களில் அது தனிக் கட்டடம். புகை, தீ பயம் என்று காரணம் சொல்வார்கள், அது உண்மைதான். சமைப்பவர்களையும் அவர்கள் பேச்சையும் தள்ளி வைப்பதற்கும் அது வசதியாக இருந்தது. அங்கிருந்து சாப்பாட்டு மேஜை வரை நீங்களே ஒருமுறை நடந்து பாருங்கள், மழை நாளில் தட்டோடு நடப்பதாக நினைத்துக்கொண்டு.

சரி, அதிகாரம் வெள்ளைக்காரர் வீட்டில் மட்டும்தான் இருந்ததா? இல்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்ஸின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை 1738-இல் கட்டி முடிந்தது, கீழ்த்தளம் நம் பாணி, மேல்தளம் பிரெஞ்சு பாணி. இரண்டு பக்கமும் பேசிக் காரியம் நடத்திய ஒருவருக்கு ஏற்ற வீடு. அந்த ஊர்த் தமிழ்த் தெருக்களில் திண்ணைகளைப் பார்த்து, எவ்வளவு தாராள மனசு என்று நானும் ஒரு காலத்தில் வியந்திருக்கிறேன். திண்ணையில் யார் உட்காரலாம், யார் நடை வரை வரலாம், யார் தெருவிலேயே நிற்க வேண்டும் என்பதைச் சாதிதான் முடிவு செய்தது. இந்த வீடுகளிலும் கொல்லைக் கதவைத் தேடுங்கள்.

கடைசியாக, உங்கள் குடும்பத்தில் பாட்டியோ பெரியம்மாவோ பங்களாவில் ஆயாவாக இருந்திருந்தால், எந்தக் கதவு வழியாக உள்ளே போனார்கள், எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று கேட்டு இப்போதே எழுதி வையுங்கள்.